கொச்சியின் ‘பரதேசி’ சினகாக்: எட்டில் ஒன்று மட்டும் எப்படி நிலைத்தது?

தமிழில் ஒருவரைப் ‘பரதேசி’ என்று கூப்பிட்டால் சண்டைதான் வரும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் அது ஒரு ஜெப ஆலயத்தின் பெயர். 1568-ல் கட்டப்பட்ட இந்த யூத ஜெப ஆலயத்தை (உள்ளூரில் ‘ஜூதப்பள்ளி’) சுற்றுலாத் துறை முதல் இன்ஸ்டாகிராம் ரீல் வரை எல்லோரும் ‘பரதேசி சினகாக்’ என்றே சொல்கிறார்கள். வசைச்சொல்லாக மாறுவதற்கு முன்பு அந்த வார்த்தைக்கு இருந்த நேரடி அர்த்தத்தில்தான்: வேறு தேசத்திலிருந்து வந்தவர்.

சென்னை, கோவை, பெங்களூருவிலிருந்து வார இறுதியில் கொச்சி போகிறவர்களின் பட்டியலில் இது கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழற்றி, உள்ளே 15 நிமிடம், தரையின் நீல ஓடுகளைப் பார்த்து “சூப்பர்”, வெளியே வந்து மசாலாக் கடையில் ஏலக்காய், ஒரு ஃபிரிட்ஜ் மேக்னட். அவ்வளவுதான். அந்தப் பெயரே ஒரு கேள்வியைக் கேட்கிறது என்பதைக் கவனிக்காமல் வந்துவிடுகிறோம். இது வெளியூர் யூதர்களின் கோயில் என்றால், உள்ளூர் யூதர்களின் கோயில் எங்கே?

அந்தக் கேள்வியோடு போனால் அதே தெரு வேறு மாதிரி தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது?

முதலில் கட்டடம். மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் (டச்சு அரண்மனை என்று போர்டு இருக்கும்) அதன் வளாகத்தில் உள்ள பகவதி கோயிலுக்கும் ஒட்டியபடியே நிற்கிறது. நிலம் கொச்சி ராஜா கொடுத்தது. அரண்மனைச் சுவரை ஒட்டி இடம் கொடுத்தது சும்மா இல்லை. அன்றைய அரசியலில் அது ஒரு பாதுகாப்பு. போர்ச்சுகீசியர்கள் கோவாவில் மதவிசாரணை நீதிமன்றத்தைத் தொடங்கி எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ராஜாவின் நிழலில் இருந்தும்கூட 1662-ல் போர்ச்சுகீசியர்கள் இந்தக் கட்டடத்தைச் சேதப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகுதான் சீரமைக்க முடிந்தது.

இன்று நாம் பார்க்கும் அழகில் பெரும்பகுதி 18-ம் நூற்றாண்டுடையது. எஸக்கியேல் ரஹாபி என்ற யூத வணிகர் டச்சுக் கம்பெனியின் முக்கிய வியாபார முகவர். மிளகு வியாபாரத்தில் பெரிய கை. 1760-ஐ ஒட்டி மணிக்கூண்டைக் கட்டியவர் அவர். 1762-ல் சீனாவின் கான்டன் பகுதியிலிருந்து நீலமும் வெள்ளையுமான பீங்கான் ஓடுகளை வரவழைத்துத் தரையில் பதித்ததும் அவர்தான். மொத்தம் சுமார் 1,100 ஓடுகள். “ஒன்றுபோல் ஒன்று இருக்காது” என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். குனிந்து பாருங்கள்: விரல்விட்டு எண்ணக்கூடிய சில டிசைன்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் எல்லாமே கையால் வரைந்தவை. அதே மரம் ஒரு ஓட்டில் கொஞ்சம் சாய்ந்திருக்கும், இன்னொன்றில் தூரிகை சற்று அழுத்தமாக விழுந்திருக்கும். அந்த அளவில் வழிகாட்டி சொல்வதும் சரிதான்.

மேலே பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகளும் எண்ணெய் விளக்குகளும். நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. தோரா வாசிக்கப்படுவது அங்கிருந்து. தோரா என்பது யூதர்களின் வேதச் சுருள். தோலில் கையால் எழுதப்பட்டது. எதிரே உள்ள செதுக்கு வேலைப்பாடு கொண்ட பேழையில் அந்தச் சுருள்கள் இருக்கின்றன. கேரளச் சினகாக்களுக்கே உரிய ஒரு விசேஷத்தைத் தவறவிடாதீர்கள். தரையில் ஒரு மேடை இருப்பதுபோல மாடியிலும் ஒரு மேடை உண்டு. பெண்கள் அமரும் மாடத்துக்கு முன்னால் அது இருக்கும். மரக்கூரை, ஓட்டு வேய்ப்பு, வெள்ளைச் சுவர் எல்லாமே கேரளத்துத் தச்சு மரபு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பழைய நாலுகட்டு வீட்டின் பக்கச்சுவர் என்றே தோன்றும்.

மணிக்கூண்டை இரண்டு பக்கமிருந்தாவது பாருங்கள். ஜெப ஆலயத்தைப் பார்த்த முகத்தில் ஹீப்ரு எழுத்துகளால் எண்கள். இன்னொரு முகத்தில் ரோமன் எண்கள். யார் எந்தப் பக்கமிருந்து பார்ப்பார்கள் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். நம் அப்ளிகேஷன்களில் மொழித் தேர்வு வருவதற்கு இருநூற்றைம்பது வருடம் முன்பு!

வெளிமுற்றத்துச் சுவரில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 1344-ல் கொச்சங்காடியில் கட்டப்பட்ட ஒரு ஜெப ஆலயத்தின் கல்வெட்டு அது. அந்த ஆலயம் இப்போது இல்லை. அதாவது ‘பரதேசி’ ஆலயம் எழுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே கொச்சியில் யூதர்கள் இருந்தார்கள், கோயில் கட்டினார்கள். நம் முதல் கேள்விக்கான தடயம் அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

சரி, உள்ளூர் யூதர்கள் யார்?

கேரளக் கடற்கரைக்கு யூதர்கள் எப்போது வந்தார்கள் என்பதற்கு ஒரே பதில் இல்லை. சாலமோன் மன்னரின் கப்பல்களோடு வந்தோம் என்பது ஒரு மரபு. எருசலேம் ஆலயம் கி.பி. 70-ல் இடிக்கப்பட்ட பிறகு வந்தோம் என்பது இன்னொன்று. ஹீப்ரு பைபிளில் சாலமோனின் கப்பல் சரக்குப் பட்டியலில் மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ என்ற சொல் தமிழின் ‘தோகை’யிலிருந்து போனது என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். சொல் போயிருக்கலாம், அதை வைத்து ஆட்கள் வந்த தேதியைச் சொல்ல முடியாது.

உறுதியாகச் சொல்லக்கூடியவை கல்லிலும் செம்பிலும் இருப்பவை. சேந்தமங்கலத்தில் 1269-ம் ஆண்டுக் கல்லறைக்கல் ஒன்று இருக்கிறது. இஸ்ரயேலின் மகள் சாரா என்ற பெண்ணுடையது. இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு கல்வெட்டுகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது அதுதான். அதற்கும் முந்தையது, சுமார் கி.பி. 1000-ஐச் சேர்ந்த செப்பேடு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் அது நமக்குச் சொந்தக்காரர் மாதிரி.

இந்தப் பழைய சமூகத்தினர் மலபாரி யூதர்கள். வியாபாரிகள், விவசாயக் கூலிகள், மீன், கோழி விற்பவர்கள் எனப் பல தொழில் செய்தவர்கள். பேச்சு மலையாளம். 1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. அதன் பிறகு ஸ்பெயின், போர்ச்சுகல், சிரியா, ஈராக் பக்கங்களிலிருந்து சிறுசிறு குடும்பங்களாகக் கொச்சி வந்தவர்கள்தான் பரதேசிகள். அவர்கள் 1568-ல் தங்களுக்கென்று தனி ஆலயம் கட்டிக்கொண்டார்கள்.

காலனிய ஆவணங்கள் இவர்களை ‘வெள்ளை யூதர்’, ‘கறுப்பு யூதர்’ என்று பிரித்தன. இன்றும் பல வழிகாட்டிகள் அதே சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். நிறத்தைவிட அங்கே நடந்தது நமக்கு ரொம்பப் பழக்கமான ஒன்று: கொடுக்கல் வாங்கல் உண்டு, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பரதேசிகள் மலபாரிகளோடு மணஉறவு வைத்துக்கொள்ளவில்லை. இவர்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு பிரிவும் இருந்தது: பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களும் அவர்கள் வாரிசுகளும். ஹீப்ருவில் ‘மெஷுஹ்ராரிம்’, அதாவது விடுவிக்கப்பட்டோர். இவர்கள் யூத மதத்தைக் கடைப்பிடித்தார்கள். ஆனால் பரதேசி ஆலயத்தில் பெஞ்சில் உட்காரக் கூடாது, தோரா வாசிக்க அழைக்கப்பட மாட்டார்கள்.

“இப்படிச் செய்யலாமா?” என்று 16-ம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்த புகழ்பெற்ற ரப்பி டேவிட் இப்ன் அபி ஸிம்ரா, முறைப்படி சடங்கு முழுக்கு முடித்துவிட்டால் அவர்களும் முழு யூதர்களே, திருமணத்துக்குத் தடையில்லை என்று தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்தது. நடைமுறை மாறவில்லை.

செப்பேட்டில் இருப்பது யாருடைய மொழி?

2017 ஜூலையில் பிரதமர் மோதி இஸ்ரேல் சென்றபோது நெதன்யாகுவுக்கு ஒரு செப்பேட்டின் நகலைப் பரிசளித்தார். சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்த சாசனம் அது. செப்பேட்டில் அந்தப் பெயர் ‘இஸ்ஸுப்பு இறப்பான்’. நம் ஊர் நாக்குக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டார்கள்.

எழுத்து வட்டெழுத்து, வடமொழிச் சொற்களுக்குக் கிரந்தம். மொழியைக் கேரள ஆய்வாளர்கள் பழைய மலையாளம் என்பார்கள், தமிழ்நாட்டில் சேர நாட்டுத் தமிழ் என்பார்கள். அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம். சொற்களைப் பாருங்கள்: பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம். எல்லாமே ரப்பானுக்குக் கிடைத்த மரியாதைகள். பகலிலும் விளக்கேந்திப் போகலாம். நடக்கும் வழியில் துணி விரிக்கலாம் (‘பாவாடை’ என்பதன் அன்றைய அர்த்தம் இதுதான்). பல்லக்கில் போகலாம், குடை பிடிக்கலாம், பறை முழங்கலாம், வாசலில் தோரணம் கட்டலாம். இப்படி மொத்தம் 72 உரிமைகள். கூடவே சுங்கம், எடைக்கூலி வருமானத்திலும் சலுகை. மற்றவர்கள் அரண்மனைக்குக் கட்டும் வரியை இவர் கட்ட வேண்டாம். இந்த உரிமைகள் மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமக்களுக்கும் தொடரும் என்றும் எழுதியிருக்கிறது.

தேதியில் ஒரு குழப்பம் உண்டு. சமூக மரபு இதைக் கி.பி. 379 என்று சொல்லும். பல பயணக் குறிப்புகளிலும் அந்த எண்ணே ஓடுகிறது. எழுத்தின் வடிவத்தையும் மன்னரின் ஆட்சியாண்டையும் வைத்து வரலாற்றாசிரியர்கள் சொல்வது சுமார் கி.பி. 1000. செப்பேடு தன் ஆண்டை ‘இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு’ என்ற முறையில், அதாவது 38-ம் ஆட்சியாண்டு என்று குறிக்கிறது. பழைய தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்த ‘எதிர்’ கணக்கு பரிச்சயம்.

இதில் வரும் ‘அஞ்சுவண்ணம்’ என்ற சொல்லும் கேரளத்துக்கு மட்டும் உரியதில்லை. மேற்காசியாவிலிருந்து வந்த யூத, கிறிஸ்தவ, முஸ்லிம் வணிகர்களின் குழுவுக்கு அந்தப் பெயர். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையில் தீர்த்தாண்டதானம் கல்வெட்டிலும் அதே அஞ்சுவண்ணம் வருகிறது. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு தகவல்: முத்தியால்பேட்டையில் இருக்கும் பவளக்காரத் தெருவின் பெயருக்குப் பின்னால், 17-ம் நூற்றாண்டில் பவளம் கொண்டுவந்து வைரம் வாங்கிப்போன போர்ச்சுகீசிய யூத வியாபாரிகளும் இருக்கிறார்கள்.

இப்போது மையமான விஷயம். இந்தச் செப்பேடு கொடுக்கப்பட்டது சுமார் 1000-ல். பரதேசிகள் வந்தது ஐந்து நூற்றாண்டு கழித்து. ஆனால் செப்பேடு இருப்பது பரதேசி சினகாக்கில்! தங்கள் முன்னோருக்குக் கொடுத்தது என்று மலபாரிகள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பரதேசிகள் அதைத் தங்கள் வம்சாவளியின் சான்றாகவே வைத்திருந்தார்கள். கையில் ஆவணம் உள்ளவர் கதையையும் எழுதுவார் என்பது பட்டா வழக்குகளைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

வெளியே உட்கார மறுத்த வக்கீல்

ஆபிரகாம் பராக் சேலம் (ஏ.பி. சேலம்) 1882-ல் இந்த யூதத் தெருவில், மெஷுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் படித்தார். கொச்சி யூதர்களில் முதல் வக்கீல். எர்ணாகுளத்தில் தொழில் செய்தார், தொழிற்சங்கம் கட்டினார், கொச்சி சட்டசபையில் யூதர்களின் பிரதிநிதியாக இருந்தார். முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய 1929 லாகூர் காங்கிரசுக்கும் போனார்.

சட்டசபையில் நாற்காலி இருந்த அவருக்கு, சொந்தத் தெருவின் ஜெப ஆலயத்தில் பெஞ்சு இல்லை. காந்தியிடம் கற்றதை இங்கே பயன்படுத்தினார். பிள்ளைகளோடு போய் உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்தார், புறக்கணித்தார், வாதாடினார். 1930களிலும் 40களிலும் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன: முதலில் உட்கார இடம், பிறகு தோரா வாசிக்க அழைப்பு. ‘யூத காந்தி’ என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

கடைசித் தடை திருமணம். 1950-ல் அவர் மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணக்க விரும்பியபோது மட்டாஞ்சேரியில் நடத்த முடியவில்லை. மும்பையில்தான் திருமணம் நடந்தது. ஊர் திரும்பிய ஜோடியைப் பலர் ஒதுக்கி வைத்தார்கள். அந்தத் தலைமுறையின் மனநிலையை உள்ளிருந்து தெரிந்துகொள்ள விரும்பினால், அதே சமூகத்திலிருந்து வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றிய ரூபி டேனியலின் நினைவுக்குறிப்பு ‘ரூபி ஆஃப் கொச்சின்’ (1995) இருக்கிறது.

பிறகு எல்லோரும் ஏன் போனார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் எண்கள். 1940களின் இறுதியில் கொச்சி யூதர்கள் மொத்தம் சுமார் 2,500 பேர். அவர்களில் பரதேசிகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜெப ஆலயங்கள் எட்டு: மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளாவில் ஒவ்வொன்று. எட்டில் ஏழு மலபாரிகளுடையவை.

1948-ல் இஸ்ரேல் உருவானதும் மலபாரிகள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். இந்தியாவில் யாரும் அவர்களைத் துரத்தவில்லை. உலகின் பல பகுதிகளோடு ஒப்பிட்டால் இது அபூர்வம். ‘எருசலேமுக்குத் திரும்புதல்’ என்ற மதக் கனவு பெரிய காரணம். வறுமையும் ஒரு காரணம். கொச்சி சமஸ்தானம் போனதோடு சட்டசபையில் யூதர்களுக்கென்று இருந்த இடமும் போயிற்று. சொத்தை விற்றுவிட்டுத் தயாரானவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. கொச்சியில் யானைக்கால் நோய் உண்டு, அது பரவும் என்று இஸ்ரேல் சுகாதாரத் துறை தயங்க, பலரின் பயணம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. பேச்சுவார்த்தைக்காக இஸ்ரேல் போனவர்களில் ஏ.பி. சேலமும் ஒருவர். தான் மட்டும் கொச்சியிலேயே தங்கி, 1967-ல் இங்கேயே காலமானார்.

1950களின் மத்தியில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற கிராமம் கிட்டத்தட்ட முழுக்கக் கொச்சிக்காரர்களால் ஆனது. அங்கே ஏற்றுமதிக்குப் பூ வளர்த்தார்கள், தங்கள் பாணியில் ஒரு ஜெப ஆலயமும் கட்டினார்கள். கல்யாணத்துக்கும் விழாக்களுக்கும் பெண்கள் பாடிய மலையாளப் பாட்டுகள் நோட்டுப் புத்தகங்களில் அவர்களோடு போயின. அந்தப் பாடல்களைத் தொகுத்து ‘கார்குழலி’ என்ற நூல் 2005-ல் வந்தது.

சொத்தும் வியாபாரமும் இருந்த பரதேசிகள் பலர் கொஞ்ச காலம் தங்கினார்கள். அதனால்தான் அவர்களுடைய ஆலயம் மட்டும் தப்பியது. 1968-ல் 400-வது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியானது. 1997-ல் இரண்டாம் எலிசபெத் ராணி வந்தார். மற்ற ஏழின் கதை அப்படி இல்லை. மட்டாஞ்சேரியின் தெக்கும்பாகம் ஆலயம் இருந்த சுவடே இல்லை. அதே தெருவின் கோடியில் இருந்த கடவும்பாகம் ஆலயத்தின் செதுக்கிய மரவேலைகள் 1990களில் கழற்றிக் கொண்டுபோகப்பட்டு ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மறுபடி பொருத்தப்பட்டிருக்கின்றன. இங்கே எஞ்சிய வெறும் கட்டடத்தின் முன்பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. ஒரே கோயிலின் உள்பக்கம் ஒரு கண்டத்தில் ஏசி அறையில். வெளிப்பக்கம் இன்னொரு இடத்தில் செடி முளைத்த சுவராக.

அகில இந்திய அளவிலும் கோடு கீழ்நோக்கித்தான். சுதந்திர சமயத்தில் இந்தியாவில் யூதர்கள் 20,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பான்மை மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் சமூகம். 2001 சென்செஸில் 4,650. 2011-ல் சுமார் 4,400. சென்செஸின் முதன்மை அட்டவணையில் யூதர் என்ற வரியே இருக்காது. ‘பிற மதங்கள்’ என்ற தொகுப்புக்குள் போய்த் தேட வேண்டும். மகாராஷ்டிரம் 2016-லும் குஜராத் 2018-லும் மாநில அளவில் சிறுபான்மை அந்தஸ்து கொடுத்தன.

‘இன்னும் இயங்கும் ஆலயம்’ என்கிறார்களே?

காமன்வெல்த் நாடுகளிலேயே இயங்கிக்கொண்டிருக்கும் மிகப் பழைய சினகாக் என்ற வாசகத்தை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். ‘இயங்கும்’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும்.

யூத மரபில் முழுமையான கூட்டு வழிபாட்டுக்கு 13 வயது கடந்த ஆண்கள் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். இதற்கு ‘மின்யான்’ என்று பெயர். ஒன்பது பேர் இருந்தால்கூடச் சில ஜெபங்களைச் சொல்ல முடியாது, தோராவைப் பொதுவில் வாசிக்க முடியாது. பல பத்தாண்டுகளாகவே மட்டாஞ்சேரியில் அந்தப் பத்துப் பேர் இல்லை. வெளிநாட்டு யூதப் பயணிகள், எர்ணாகுளத்தின் மலபாரி யூதர்கள் சேர்ந்தால்தான் பண்டிகை நாட்களில் வழிபாடு நடக்கும். ஆமாம், கவனித்திருப்பீர்கள்: முன்பு பெண் எடுக்காத, கொடுக்காத சமூகத்தின் ஆண்களையும் எண்ணினால்தான் பத்து வரும்.

யூதத் தெருவில் கைவேலைத் துணிக்கடை நடத்திய சாரா கோஹன் 2019-ல் 96 வயதில் காலமானார். ஜன்னலோரம் உட்கார்ந்து யூத ஆண்கள் தலையில் அணியும் தொப்பிகளுக்குப் பூவேலை செய்வார். அவரைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். முதுமையில் அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டது பக்கத்திலிருந்த ஒரு முஸ்லிம் குடும்பம். ஆலயத்தின் அறங்காவலராக இருந்த இன்னொரு மூதாட்டி 2024 ஆகஸ்டில், 89 வயதில் மறைந்தார். அதோடு மட்டாஞ்சேரியின் பரதேசி சமூகத்தில் எஞ்சியிருப்பது ஒரே ஒருவர் என்று செய்திகள் வந்தன.

‘கடைசி யூதர்’ என்ற தலைப்பில் வரும் கட்டுரைகள் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கேரளத்தில் இன்னும் சில மலபாரி யூதர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் அந்தத் தலைப்புகளின் எண்ணிக்கையில் வருவதில்லை.

தெருவில் நடக்கும்போது

மணிக்கூண்டிலிருந்து தொடங்கும் சந்தும் அதைத் தொடரும் நீண்ட தெருவும்தான் யூதத் தெரு. ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் தெரிகிறதா பாருங்கள். அவை யூத வீடுகளாக இருந்தவை. கடைக்காரர்கள் பெரும்பாலும் காஷ்மீரிகளும் உள்ளூர் முஸ்லிம், இந்துக் குடும்பங்களும். ‘பழம்பொருள்’ என்று விற்பதில் எது பழையது என்பது விற்பவருக்கே சந்தேகம், பேரம் பேசிக்கொள்ளுங்கள்.

வாசனை மட்டும் அசல். சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கிடந்த கிட்டங்கிகள் இந்தத் தெருவின் பின்பக்கம் காயல் வரை ஓடுகின்றன. 1957-ல் மிளகு முன்பேர வணிகத்தைத் தொடங்கிய சங்கத்தின் கட்டடமும் இங்கேதான். உள்ளே உறுப்பினர்கள் கூவிக் கூவி விலை சொன்ன காலம் ஒன்று இருந்தது. எல்லாம் ஸ்கிரீனுக்குப் போன பிறகு அந்தச் சத்தம் நின்றது.

மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் ‘பரதேசி’களால் ஆன ஊர்கள். கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், நம்மவர்களும்தான். ஃபோர்ட் கொச்சியின் வெளி மைதானம் அருகே தோபி கானா என்ற சலவைத் துறை இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் சமூகத்தினரின் வாரிசுகள் அங்கே இன்றும் வேலை செய்கிறார்கள். நீங்கள் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும்.

எப்போது, எப்படிப் போவது?

சனிக்கிழமை போகாதீர்கள். யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கி சனி மாலை முடியும், ஆலயம் மூடியிருக்கும். யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படியே. ஞாயிறு முதல் வியாழன் வரை காலை 10 முதல் 1, பிற்பகல் 3 முதல் 5 என்பது வழக்கமான நேரம். போகுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து டச்சு அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பறவூர், சேந்தமங்கலம் ஆலயங்கள் இப்போது முசிறிஸ் திட்டத்தின் அருங்காட்சியகங்கள். அவற்றுக்குத் திங்கள் விடுமுறை. கூட்டிக் கழித்தால் வார இறுதிப் பயணிக்குக் கிடைப்பது ஞாயிறு ஒரே நாள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை. செருப்பு வெளியே. உள்ளே போட்டோ கூடாது. அதனால் ஓடுகளைக் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கும், நல்லதுதான். எர்ணாகுளம் ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ பக்கம்.

காலையில் பரதேசி ஆலயம், மதியம் பறவூர் என்று வைத்துக்கொள்ளலாம். எர்ணாகுளத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பறவூர் ஆலயத்துக்கு வாசல் மாளிகை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் தாண்டித்தான் போக வேண்டும். மலபாரிகள் எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பார்க்க அதுவே சிறந்த இடம். சேந்தமங்கலத்தில் அந்த 1269 கல் இருக்கிறது. ஆலயம், கோயில், மசூதி, தேவாலயம் நான்கும் நடந்துபோகும் தூரத்தில். கைத்தறி வாங்குபவர்கள் பணம் எடுத்துப் போங்கள்.

திரும்பும் வழியில் எர்ணாகுளம் மார்க்கெட் ரோட்டில் நிறுத்துங்கள். அங்கே செடிகளும் அலங்கார மீன்களும் விற்கும் ஒரு கடை. அதன் பின்பக்கம்தான் எர்ணாகுளத்துக் கடவும்பாகம் ஆலயம். 1970களில் வழிபாடு நின்றுபோய், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்து, 2018-ல் புதுப்பிக்கப்பட்டது. வாசலில் போர்டைத் தேடாதீர்கள். மீன்தொட்டிகளைத் தாண்டி உள்ளே போய்க் கேளுங்கள்.